நாட்டிங்ஹாம் குளிரில் ஒரு பாகுச் சட்டி

நாட்டிங்ஹாம் என்றதும் பலருக்கு ராபின் ஹூட் நினைவுக்கு வருவார். மலேசியர்களாகிய நமக்கு அந்த ஊரோடு இன்னொரு தொடர்பும் உண்டு. அந்த ஊரின் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் நம் நாட்டில் கிளை தொடங்கியது. 2005 முதல் அந்தக் கிளை செமினியில் இயங்கி வருகிறது. என் மகள் செமினியில் இரண்டு ஆண்டுகள் படித்தாள். மீதிப் படிப்பை முடிக்க நாட்டிங்ஹாம் போனவள், வேலை, கல்யாணம், குழந்தை என்று அங்கேயே தங்கிவிட்டாள்.

அவளைப் பார்க்க அதற்கு முன்பு இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டும் கோடைக் காலத்தில். 2023 செப்டம்பர் கடைசியில் போனபோதுதான் முதல் முறையாக இலையுதிர் காலத்தைப் பார்த்தேன். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். ஒன்பது வயதுப் பேத்தியைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வருவது என் பொறுப்பு. கிள்ளானில் முகத்தைத் துடைத்துக்கொண்டே நடந்த நான், அங்கே இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காய்ந்த இலைகளை மிதித்து நடந்தேன்.

அந்த நடையில் என் கண்ணில் முதலில் பட்டது ஆப்பிள்தான். வழியில் சில வீட்டு வாசல்களில் ஒரு பெட்டி நிறைய ஆப்பிள்களை வைத்து, ‘வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று அட்டையில் எழுதியிருப்பார்கள். தோட்டத்து மரம் காய்த்துக் கொட்டுகிறது, வீட்டில் தின்ன ஆளில்லை. நம் ஊரில் ரம்புத்தான் காலத்தில் பக்கத்து வீட்டுக்கு ஒரு பை கொடுத்து அனுப்புவோமே, அதே கதைதான். முதல் நாள் பெரிய பச்சை ஆப்பிள் ஒன்றை எடுத்துக் கடித்தேன். பிலிம்பிங் காயைக் கடித்த மாதிரி கண் மூடிக்கொண்டது. பேத்தி சிரியோ சிரி என்று சிரித்தாள். அது பிராம்லி, சமைக்கிற ஆப்பிள் என்று அவள்தான் சொல்லிக் கொடுத்தாள்.

வாத்துச் சந்தை

அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு மாலை எல்லோருமாக ‘கூஸ் ஃபேர்’ பார்க்கப் போனோம். பெயருக்கு வாத்துச் சந்தை. 700 ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் திருவிழா. லிங்கன்ஷயர், நார்ஃபோக் பக்கமிருந்து ஆயிரக்கணக்கான வாத்துகளை நடத்தியே ஓட்டி வருவார்களாம். நெடுந்தூரம் நடக்கும் அவற்றின் பாதம் தேயாமல் இருக்கத் தாரிலும் மணலிலும் நடக்க விடுவார்கள் என்று ஒரு கதை சொல்கிறார்கள். முன்பு ஊர் நடுச் சதுக்கத்தில் நடந்த சந்தை, 1928 முதல் ஃபாரஸ்ட் திடலில் நடக்கிறது. ட்ராம் வண்டி அதன் வாசலிலேயே நிற்கிறது.

இப்போது அங்கே வாத்து விற்பனை இல்லை. ராட்டினங்களும் சாப்பாட்டுக் கடைகளும்தான். மசித்த பட்டாணியில் புதினாச் சாறு ஊற்றிக் கொடுக்கிறார்கள். சேவல் உருவத்தில் செய்த சீனி மிட்டாயைக் குச்சியில் செருகி விற்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் வரிசையாக, விளக்கொளியில் கண்ணாடிபோல் மின்னிக்கொண்டு, சிவப்புச் சிவப்பாக டாஃபி ஆப்பிள்.

குச்சி குத்திய முழு ஆப்பிளைக் கொதிக்கும் சீனிப் பாகில் முக்கி எடுத்து ஆற வைத்தால் டாஃபி ஆப்பிள். மேலே கண்ணாடி போன்ற ஓடு, உள்ளே புளிப்பும் சாறுமாகப் பழம். அமெரிக்காவில் இதே காலத்தில் செய்யும் கேரமல் ஆப்பிள் வேறு வகை. அதில் வெண்ணெயும் பாலேடும் சேர்வதால் மேல் பூச்சு மெத்தென்று இழுபடும். இங்கிலாந்து வகை கடித்தால் ‘படக்’ என்று உடைய வேண்டும். நம் பசார் மாலாம்களில் அண்மைக் காலமாக விற்கும் தங்ஹூலுவைச் சாப்பிட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சீனாவின் வடபகுதியில் குளிர்காலத் தின்பண்டமான தங்ஹூலுவும் இதே பாகுதான். பழம்தான் வேறு.

பேத்தி ஒன்றை வாங்கிப் பாதியை என்னிடம் கொடுத்துவிட்டாள். என் பல் வரிசைக்கு அது ஏற்றதில்லை. இருந்தாலும் அந்த ஓட்டின் ஒரு துண்டை வாயில் போட்டதும் எனக்கு ஒன்று தோன்றியது. இந்தச் சுவை எனக்குத் தெரியும். ஆனால் எங்கே, எப்போது சாப்பிட்டது என்று அப்போது பிடிபடவில்லை.

ஒரு விதையின் ஊர்

அந்த மாதம் ஒரு சனிக்கிழமை மகள் எங்களைச் சவுத்வெல் என்ற சிற்றூருக்குக் கூட்டிப் போனாள். நாட்டிங்ஹாமிலிருந்து ஏறக்குறைய 22 கிலோமீட்டர். ஊர் சிறியது, தேவாலயம் மிகப் பெரியது. அதனுள் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய ஒரு மண்டபத்தில், தூண்களின் தலையெல்லாம் கல்லில் செதுக்கிய இலைகள். கருவாலி இலை, திராட்சை இலை என்று இன்னது இன்னது என அடையாளம் சொல்லும்படி செதுக்கியிருக்கிறார்கள். வெளியே உண்மையான இலைகள் உதிர்ந்துகொண்டிருந்த நேரத்தில், 700 ஆண்டுகளாக உதிராத அந்த இலைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

நாங்கள் போனது அதற்காக மட்டும் அல்ல. அந்த ஊரில் சர்ச் தெருவில் ஒரு வீடு இருக்கிறது. 1809ஆம் ஆண்டில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி அங்கே சில ஆப்பிள் விதைகளை ஊன்றி வைத்தாள். அவற்றில் ஒன்று மரமாயிற்று. நான் கடித்துக் கண் மூடினேனே, அந்தப் பச்சை ஆப்பிளின் தாய் மரம் அதுதான்.

ஆப்பிள் விதையைப் போட்டால் தாய் மரத்தின் பழமே திரும்பக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு விதையும் ஒரு புது ரகம். நல்ல பழம் கிடைத்தால் அதன் கிளையை வெட்டி இன்னொரு மரத்தில் ஒட்டுக் கட்டித்தான் பெருக்க வேண்டும். நம் நாட்டில் நல்ல டுரியான் ரகங்களைப் பெருக்குவதும் இப்படித்தான். ஆகவே உலகத்தில் எங்கே பிராம்லி ஆப்பிள் காய்த்தாலும், அது அந்தச் சிறுமி ஊன்றிய மரத்தின் கிளைதான்.

அந்த வீட்டைப் பின்னாளில் மேத்யூ பிராம்லி என்ற கசாப்புக் கடைக்காரர் 1846இல் வாங்கினார். பத்து ஆண்டு கழித்து, நாற்றுப் பண்ணை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த ஹென்றி மெரிவெதர் என்ற 17 வயதுப் பையன் வந்து, ஒட்டுக்குக் கிளை கேட்டான். கொடுக்கிறேன், ஆனால் பழத்துக்கு என் பெயரை வைக்க வேண்டும் என்றார் வீட்டுக்காரர். அப்படியே பெயர் நிலைத்தது. விதை போட்ட பெண்ணோ கல்யாணமாகி எப்போதோ அந்த வீட்டை விட்டுப் போயிருந்தாள். தன் மரம் பேர் வாங்கியதை அவள் அறியாமலே இறந்துவிட்டாள் என்கிறார்கள்.

1900இல் புயலில் சாய்ந்த மரம், படுத்த இடத்திலேயே மறுபடி வேர் விட்டது. இப்போது ஒரு வகைப் பூஞ்சை நோய் அதை மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருக்கிறது. நாங்கள் போனபோது நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழகம் அந்த இடத்தைப் பராமரித்து வந்தது. நாங்கள் தெருவில் நின்று வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

வழியில் பேத்தி கேட்டாள்: “பாட்டி, நட்டது அந்தப் பொண்ணு. ஏன் அவ பேரை வைக்கல?”

“வீடு அவருடையது, கண்ணு,” என்றாள் மகள்.

“ஆனா அவர் ஒண்ணுமே செய்யலையே!”

எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இருபத்து நான்கு ஆப்பிள்

நவம்பர் 5 அங்கே ‘பான்ஃபயர் நைட்’. 1605இல் அரசர் முதலாம் ஜேம்ஸையும் நாடாளுமன்றத்தையும் தகர்க்க 36 பீப்பாய் வெடிமருந்தை நிலவறையில் வைத்த சதி பிடிபட்டது. வெடிமருந்துக்குக் காவல் இருந்த கை ஃபாக்ஸ் சிக்கினார். அதைக் கொண்டாடிச் சொக்கப்பனைபோல் தீ வளர்த்து, வாணம் விட்டு, டாஃபி ஆப்பிள் தின்பார்கள். அந்த ஆண்டு நம் தீபாவளி நவம்பர் 12. கடைகளில் மத்தாப்புப் பெட்டிகளைப் பார்க்கும்போது, இது யாருடைய பண்டிகைக்கு என்று எனக்கே குழப்பம் வந்தது.

பேத்தியின் பள்ளியில் வெள்ளிக்கிழமை மாலை சிறு விழா. பெற்றோர்கள் ஆளுக்கொரு தின்பண்டம் செய்து கொடுத்து, விற்ற பணத்தை நூலகத்துக்குக் கொடுக்க ஏற்பாடு. எங்கள் பங்கு 24 டாஃபி ஆப்பிள். மகள் தாளில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். வியாழன் இரவு சாப்பாடு முடிந்த பிறகு வேலையைத் தொடங்கினோம்.

நான் உதவிக்குப் போனேன். “நீங்க உட்காருங்கம்மா, நான் பாத்துக்கிறேன்,” என்றாள் மகள். அந்த வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எனக்குக் கிடைக்கும் பதில் அதுதான். அன்பாகத்தான் சொல்கிறாள். ஆனாலும் அடுப்பு எப்படிப் பற்ற வைப்பது என்று கூடக் கேட்டுச் செய்ய வேண்டிய வீட்டில், அந்த வார்த்தை கொஞ்சம் குத்தத்தான் செய்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முதல் சட்டிப் பாகு, கொதித்துக்கொண்டிருக்கும்போதே மணலாகிவிட்டது. மகள் கரண்டி போட்டு நன்றாகக் கிளறியதுதான் காரணம். சீனி கரைந்த பிறகு பாகைக் கிளறக் கூடாது. சட்டி ஓரத்தில் ஒட்டிய ஒரு சீனித் துகள் உள்ளே விழுந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் மறுபடி சீனியாக உறைந்துவிடும். இரண்டாவது சட்டியை அவசரத்தில் சீக்கிரம் இறக்கிவிட்டோம். நான்கு ஆப்பிள் முக்கிய பிறகு பார்த்தால், பூச்சு பல்லில் பசைபோல் ஒட்டியது. ஆப்பிளின் தோலிலிருந்தும் வழுக்கிக்கொண்டு வந்தது. கடை ஆப்பிளுக்கு மேல் பூசியிருக்கும் மெழுகை எடுக்க மறந்திருந்தோம்.

மூன்றாவது சட்டியை அடுப்பில் வைத்தபோது மணி ஒன்பதரை. மகள் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பினாள். கையிலிருந்த பாகு வெப்பமானி நழுவித் தண்ணீரில் விழுந்தது. எடுத்துத் துடைத்தாள், குலுக்கினாள். எண் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். காலை ஏழு மணியிலிருந்து நின்றுகொண்டிருக்கும் முகம். அழப் போகிறாளோ என்று பயமாக இருந்தது.

“ஒரு கிண்ணத்துல குளிர்ந்த தண்ணி எடு,” என்றேன். “ஒரு எவர்சில்வர் தட்டும்.”

அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, வாத்துச் சந்தையில் கண்ட அந்தச் சுவை எங்கே சாப்பிட்டது என்று.

டங் என்ற சத்தம்

என் அம்மா தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். வேலை முடிந்து வந்த பிறகு, வாரத்துக்கு இரண்டு நாள் கடலை உருண்டை பிடித்து விற்பார். லயத்துப் பின்கட்டில் ரப்பர்க் கட்டை அடுப்பு. வெல்லப் பாகு கொதிக்கும்போது எங்களை மூச்சுக் காட்ட விட மாட்டார். “பாகு பேசுற வரைக்கும் நீங்க பேசாதீங்க” என்பார். கரண்டி நுனியில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விடுவார். அது கரைந்தால் பச்சைப் பாகு. தளதளவென்று விரலில் உருண்டால் தக்காளிப் பதம், அது அதிரசத்துக்கு. கெட்டியாக உருண்டால் இன்னும் கொஞ்சம். கடைசியில் அந்த உருண்டையைத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். கேட்டதும் ஒரு நொடி தாமதிக்காமல் சட்டியை இறக்குவார். அடியில் ஒட்டிய பாகு ஆறிக் கண்ணாடியாகும். அதைச் சுரண்டித் தின்பது பிள்ளைகள் உரிமை.

நான் அதைச் செய்ததில்லை. பார்த்ததுதான். ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஆசிரியர் வேலைக்குப் போன பிறகு எல்லாவற்றையும் கடையில் வாங்கியே பழகியவள் நான்.

கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன். விரலில் உருண்டது. இன்னும் ஆகவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் மூவரும் வாய் மூடி நின்றோம். இன்னொரு சொட்டு. தண்ணீரில் கம்பியாக நீண்டது, வளைத்தால் வளைந்தது. இன்னும் இல்லை. மூன்றாவது தடவை எடுத்து வளைத்தேன், ஒடிந்தது. தட்டில் போட்டேன்.

‘டங்.’

“இறக்கு!” என்றேன். மகள் இறக்கினாள்.

அதன் பிறகு படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அம்மாவின் கணக்கும் வெப்பமானியின் கணக்கும் ஒன்றே. பாகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகி, சூடு ஏறுகிறது. 112 முதல் 116 டிகிரி செல்சியஸில் விரலில் மெத்தென்று உருளும். 121க்கு மேல் கெட்டியாக உருளும். 132 முதல் 143 வரை கம்பியாக வளையும். 146 முதல் 154க்குள் ஒடியும். அந்த நிலையில் பாகில் தண்ணீர் நூற்றுக்கு ஒரு பங்குதான் மிச்சம். டாஃபி ஆப்பிளுக்கு வேண்டியது அந்தப் பதம். வெப்பமானி வருவதற்கு முன்பு வெள்ளைக்கார மிட்டாய்க்காரர்களும் இதே குளிர்ந்த தண்ணீர்ச் சோதனையைத்தான் செய்திருக்கிறார்கள்.

இரவு பதினொன்றரைக்கு 24 ஆப்பிளும் எண்ணெய் தடவிய தாளின் மேல் தலைகீழாக நின்றன. பேத்தி கணக்குப் பார்த்துவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப் போனாள்.

நம் வீட்டில் செய்வதானால்

எட்டுச் சிறிய ஆப்பிளுக்கு 400 கிராம் சீனி, 100 மில்லி தண்ணீர், நான்கு மேசைக் கரண்டி கோல்டன் சிரப், ஒரு தேக்கரண்டி வினிகர். வினிகருக்குப் பதில் எலுமிச்சைச் சாறும் ஆகும். புளிப்பும் சிரப்பும் சீனி மறுபடி மணலாகாமல் தடுப்பவை. ஜாங்கிரிப் பாகில் நாம் எலுமிச்சை பிழிவதும் இதற்காகத்தான்.

ஆப்பிளைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, மெழுகு போகத் துணியால் அழுத்தித் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு காம்பு இருந்த இடத்தில் குச்சியைச் செருகுங்கள். சீனியும் தண்ணீரும் மெல்லிய தீயில் கரைந்த பின் சிரப்பும் வினிகரும் விட்டு, தீயைக் கூட்டி, கிளறாமல் கொதிக்க விடுங்கள். பதம் வந்ததும் இறக்கி, சட்டியைச் சாய்த்து ஆப்பிளை ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். 150 டிகிரிப் பாகு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு தோலை உரித்துவிடும். பிள்ளைகளை எட்ட நிறுத்துங்கள். பக்கத்தில் ஒரு பாத்திரம் குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும்.

டிசம்பரில் கிள்ளான் திரும்பியதும் செய்து பார்த்தேன். பாகு சரியாக வந்தது. ஆனால் ஒரு மணி நேரத்தில் மேலெல்லாம் பிசுபிசுத்துவிட்டது. சீனிக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு, நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே மழை இல்லாத நாளில், குளிர்சாதன அறையில் ஆற வைத்து, உடனே சாப்பிட வேண்டும். முழு ஆப்பிளைவிட, விதையில்லாத் திராட்சையும் கேமரன் மலை ஸ்ட்ராபெரியும் நம் ஊருக்குத் தோதானவை. ஈரம் ஒரு சொட்டும் இல்லாமல் துடைக்க வேண்டும். வெட்டிய பழம் ஆகாது, சாறு கசிந்து பாகைக் கரைத்துவிடும். கூலா மெலாக்காவில் செய்தால் மணமாக இருக்கும்தான், ஆனால் இந்தச் சூட்டுக்குப் போவதற்குள் சட்டென்று தீய்ந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. 2014 இறுதியில் அமெரிக்காவில் கேரமல் ஆப்பிள் சாப்பிட்டு லிஸ்டீரியா கிருமியால் 35 பேர் நோயுற்றார்கள். சிலர் இறந்தும் போனார்கள். குச்சி குத்திய துளையில் சாறு கசிந்து, பழத்துக்கும் பூச்சுக்கும் நடுவில் தங்கி, சாதாரண வெப்பத்தில் நாள்கணக்கில் வைத்தபோது கிருமி பெருகியதை ஆய்வுகள் காட்டின. பழத்தை நன்றாகக் கழுவுங்கள். செய்த அன்றே சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் குளிர்பெட்டியில் வையுங்கள். கர்ப்பிணிகளும் முதியவர்களும் வைத்துச் சாப்பிடாமல் இருப்பது நல்லது.

மைலோ டின்

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கே அங்கே இருட்டிவிட்டது. பள்ளித் திடலில் தீ மூட்டினார்கள். பேத்தி கம்பளித் தொப்பியும் கையுறையுமாக மேசைக்குப் பின்னால் நின்று, “எங்க பாட்டி செஞ்சது, எங்க பாட்டி செஞ்சது” என்று ஆங்கிலத்தில் கூவிக் கூவி விற்றாள். அரை மணி நேரத்தில் தட்டு காலி. தீயின் வெளிச்சத்தில் பிள்ளைகள் ‘படக் படக்’ என்று கடிப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். குளிரில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. குளிர் மட்டும்தான் காரணம் என்று மகளிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பேத்தி சமையல் மேசையில் உட்கார்ந்து பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். விழாவுக்குச் செய்த பண்டத்தைப் பற்றி ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். தண்ணீர்க் கிண்ணமும் தட்டும் படமாக வரைந்திருந்தாள். மேலே ‘பாட்டி டெஸ்ட்’ என்று தலைப்பு.

“அது என்னோடது இல்ல, கண்ணு. உங்க கொள்ளுப் பாட்டியோடது,” என்றேன். தோட்டத்து அடுப்பையும் கடலை உருண்டையையும் பற்றிச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவள், “நீங்களும் ஸ்கூல்ல வித்தீங்களா பாட்டி?” என்று கேட்டுவிட்டாள்.

விற்றேன். தோட்டப் பள்ளியில் படிக்கும் வரைக்கும் விற்றேன், ஓர் உருண்டை ஐந்து காசு. படிவம் ஒன்றுக்குப் பட்டணத்துப் பள்ளிக்குப் போன முதல் மாதம், அம்மா ஒரு மைலோ டின் நிறைய உருண்டை போட்டுக் கொடுத்தார். புதுப் பள்ளி, புதுச் சிநேகிதிகள். டின்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக எனக்குக் கூச்சமாக இருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனேன். மாலையில் வந்து பார்த்தால் டின் இல்லை. வீட்டில் போய், “பட்டணத்துப் பிள்ளைங்க இதெல்லாம் வாங்க மாட்டாங்களாம்மா” என்றேன். டின் எங்கே என்று அம்மா கேட்கவில்லை. அதன் பிறகு என்னிடம் கொடுத்து அனுப்பவும் இல்லை. அவர் கடைசிக் காலம் வரை நான் அதைச் சொல்லவில்லை.

பேத்தி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த மகளும் கையை நிறுத்தியிருந்தாள். அவளும் இதை இப்போதுதான் கேட்கிறாள்.

பிறகு பேத்தி அழிப்பானை எடுத்துத் தலைப்பை அழித்தாள். “கொள்ளுப் பாட்டி பேரு என்ன? எப்படி எழுதணும்?”

ஒரு தாளில் முதலில் தமிழில் எழுதிக் காட்டினேன். அவள் அதைப் பார்த்து, எழுத்து எழுத்தாக, தலைப்பு இருந்த இடத்தில் எழுதினாள். இரண்டு கொம்பு தலைகீழாகப் போய்விட்டது. மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அம்மா, அடுத்த வாரம் தீபாவளிக்கு அதிரசம் சுடலாமா? அந்தத் தக்காளிப் பதம் எனக்குக் காட்டுங்க,” என்றாள்.